ஆற அமர எழுதுவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எழுதாதவர் எவருமில்லாத காலம் இது. கைத்தொலைபேசி உடையவர் யாவரும் நாள்தோறும் எழுதுகின்றனர். ஆயினும், வட்சப்பிலும் முகநூலிலும் காலையில் எழுதியது மாலையில் எவர் கண்ணுக்கும் அகப்படுவதில்லை. ஒரு பொருளை எடுத்துப் பலநாள் விசாரித்து, எழுதியதை அடித்துத் திருத்தி மறுபடியும் எழுதும் பழக்கம் நம்மிடையே அருகி வருகின்றது. இதனால் நமக்கு வரும் நட்டம் யாது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் போகவேண்டுவதில்லை. நமது கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக உத்தியோகம் பார்த்த அவர், இலங்கையின் மாகாணங்கள், பட்டினங்கள், கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள் முதலியவற்றை விவரித்து 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை ஆங்கிலத்தில் எழுதி 1834இல் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 27. இளைஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு 25 ஆண்டுகளின் பின், 1859இல், அவருடைய 'தமிழ் புளூட்டாக்' வெளிவந்தது. கிரேக்க, உரோமப் பெருமக்களின் வாழ்க்கையைப் புளூட்டாக் எழுதியதுபோல, ஏறக்குறைய 200 தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை அதில் தொகுத்தார். கிறிஸ்தவராகிய அவர் சைவ, வைணவப் புலவர்களையும் தேடி எழுதினார். மறு ஆண்டிலேயே காலமானார்.

அந்நூலில் பிழைகள் இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு. புலவர்களின் காலம்பற்றி அவர் கூறியன பலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் திருத்தினர். எழுதி வைத்த ஒன்று இருந்தமையாலன்றோ திருத்த முடிந்தது! அவ்வழியைப் பின்பற்றி ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். ஒருவர் ஆறியிருந்து எழுதியது மற்றொருவருக்குப் படியாயிற்று.

நிற்க. இன்று நமது கரையின் நிலை என்ன? உடப்புத் திரௌபதை அம்மன் கோயிற் தீமிதிப்பு நடந்தால், நெருப்பு ஆறுமுன்னே படங்கள் கடல்கடந்து போய்விடுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால், அந்த விழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய கிரியை எது, அது பாரதக் கதையின் எந்தப் பகுதியைச் சார்ந்தது, எந்தப் பணி எவர் வழியாக வருகின்றது என்பவற்றைப் படம் சொல்லுமா?

உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடிவந்த அம்பாப் பாடல்களையும் நினையுங்கள். ஒருவர் முன்பாட, மற்றவர்கள் பின்பாடி வலை இழுப்பார்கள். மனிதர் கை செய்த வேலையை இயந்திரம் செய்யவே, பாட்டுக்கு வேலை இல்லாமற் போகின்றது. அப்பாடல்களை அறிந்த முதியோரும் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஒரு பாட்டி கண்மூடினால் அவரோடு ஒரு பாட்டும் போய்விடக்கூடும். அதனைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் இல்லை.

நாம் கைத்தொலைபேசியைப் பழிக்க வரவில்லை. பாட்டின் குரலைப் பதிந்து வைக்க அதுவே உற்ற துணை. ஆனால், பாட்டில் வரும் ஒரு சொல்லின் பொருள் யாது, அது வலையின் எந்தப் பகுதியைக் குறிக்கின்றது, எந்த வேளையில் பாடுவது என்பவற்றை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினாலன்றி அப்பதிவு அரைகுறையாகவே நிற்கும்.

ஆகவே, ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் இளைஞரும் ஆண்டுக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு கிணறு, ஒரு தெருவின் பெயர், ஒரு வகை வலை, எதுவாயினும் ஆகுக. குறைந்தது மூன்று பெரியோரிடம் கேட்கட்டும். அவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று மாறுபட்டால், மாறுபாட்டையும் எழுதட்டும். எழுதியதை ஒரு மாதம் மூடிவைத்து, பிறகு எடுத்துப் படித்துத் திருத்தட்டும். எழுதும் அந்த ஒரு மணி நேரமாவது கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கேட்டு வரும்போது "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று அனுப்பிவிடாதீர்கள். அறிந்ததைச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு வந்ததைக் கேட்டுப் பிழை திருத்துங்கள். அவ்வாறு திருந்திய கட்டுரைகள் ஆண்டுக்கு மூன்று இம்மலரில் வந்தால், 10 ஆண்டில் 30 ஆகும். நமது கரைக்கு அதுவே ஒரு நூலாகும்.

கற்பிட்டியிற் பிறந்த ஒருவர் தனியே செய்த வேலையை நாம் பலராய்க் கூடிச் செய்ய முடியாதா? முடியும். இன்றே தொடங்குவோம்.