விழித்திருக்க ஒருவர்
(வானொலி மறையுரை)



இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீனும் கிடைக்காத மீனவர்களை நற்செய்தியில் நாம் அறிவோம். இன்று நான் சொல்லப்போவது, இரவு முழுவதும் விழித்திருந்து மீனைப் பிடித்துவிட்டு, அதை மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற மனிதர்களைப் பற்றி.

நான் இங்கிலாந்தில் ஒரு சிறிய பங்கில் பணியாற்றிய காலம் அது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கைச் சேர்ந்த ஒருவர் வந்து, "ஃபாதர், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஏரிக்கு வந்துவிடுங்கள். நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து கெண்டை பிடிக்கப் போகிறோம். தர்ம காரியத்துக்காக" என்றார். நம் ஊர் ஆள் அல்லவா நான்? குழம்பை நினைத்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அங்கே குழம்புக்கு வழியில்லை என்று. கெண்டையை ஐரோப்பாவில் ஒரு காலத்தில் துறவு மடங்களின் குளங்களில் வளர்த்தார்கள். இறைச்சி உண்ணாத நோன்பு நாள்களில் துறவிகளுக்கு அது உணவு. செக் நாட்டில் இன்றும் கிறிஸ்துமஸ் இரவு விருந்தில் கெண்டை உண்டு. ஆனால் இங்கிலாந்தில் கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவர்கள் அதை உண்பதில்லை. 1952-ஆம் ஆண்டு ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைப் பிடித்து நாட்டையே வியக்கவைத்தார். அந்த மீன் சட்டிக்குப் போகவில்லை, லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போனது. இன்றோ, பிடித்த மீனை எடை பார்த்து, அதே ஏரியில் விட்டுவிடுகிறார்கள்.

அந்த நண்பர்கள் பன்னிரண்டு பேர். கரையில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு தொகை கட்டினார்கள். அக்கம் பக்கத்தாரும் உடன் வேலை செய்பவர்களும், பிடிபடும் ஒவ்வொரு பவுண்டு மீனுக்கும் இவ்வளவு பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு காலை கணக்குப் பார்த்து, சேர்ந்த பணம் முழுவதையும் அவர்கள் ஊரிலுள்ள ஒரு ஹாஸ்பிஸ் இல்லத்துக்குக் கொடுப்பார்கள். இனிக் குணமாக வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட நோயாளிகளை, வலி தெரியாமல், மதிப்போடு, கடைசி மூச்சுவரை பராமரிக்கிற இல்லம் அது. நோயாளிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. இத்தகைய இல்லங்களின் செலவில் பெரும்பகுதி மக்கள் தருகிற நன்கொடையிலிருந்துதான் வருகிறது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் லாரி ஓட்டுநர். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அந்த ஆண்டு வசந்த காலத்தில் அவர் மனைவி அதே ஹாஸ்பிஸில் இறந்திருந்தார். அந்தத் தாய்க்கு நோயில்பூசுதல் அளித்தவன் நான். அடக்கத் திருப்பலி நிறைவேற்றியவனும் நான். பிறகு இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். ஒரு திருப்பாடல், ஒரு செபம், ஆறுதலாக நான்கு வார்த்தை. வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திருப்பலிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

ஏரிக்கரையில் எனக்கு அவர் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். இரண்டு தூண்டில் கோல்களைத் தாங்கியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நூல் அசைந்தால் ஒலி எழுப்புகிற சிறு கருவி ஒன்று இருந்தது. இருள், குளிர், அடிக்கடி தேநீர். எனக்கு அங்கே பேசவும் ஒன்றுமில்லை, போகவும் இடமில்லை. முதன்முறையாக அந்த மனிதரோடு பல மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரவு இரண்டு மணிக்குமேல் கருவி ஒலித்தது. மெதுவாக இழுத்து, பெரிய கைவலையில் ஒரு கெண்டையை ஏந்தினார். இருபது பவுண்டாவது இருக்கும். மெத்தை போன்ற ஒரு விரிப்பைத் தண்ணீர் ஊற்றி நனைத்து, அதன்மேல் மீனைக் கிடத்தினார். முழங்காலில் இருந்து, தம் கைகளையும் நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொட்டார். ஏன் என்று கேட்டேன். "மீனின் உடலில் வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது, ஃபாதர். அதுதான் அதற்குப் பாதுகாப்பு. உலர்ந்த கையால் தொட்டால் அது போய்விடும், நோய் வந்துவிடும்" என்றார். முள்ளை எடுத்து, காயத்தில் மருந்து தடவி, எடை பார்த்து, மீனைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். தானாக வாலை அசைத்துப் புறப்படும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் கழித்து, ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்: "ஃபாதர், ஒரு மீனுக்காக எத்தனையோ இரவுகள் விழித்திருந்திருக்கிறேன். என் மனைவி இறந்த இரவில் மட்டும் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். விடியற்காலை நான் கண் திறந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்."

அன்பார்ந்தவர்களே, எனக்குச் சட்டென்று கெத்சமனித் தோட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே இயேசு தம்மோடு அழைத்துச்சென்றவர்கள் பேதுருவும், செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும். யார் இவர்கள்? லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் மீனுக்காக ஓர் இரவு முழுவதும் உழைத்த அதே ஆள்கள். விழித்திருப்பது அவர்களுக்குத் தொழில். அவர்களிடம் இயேசு கேட்டது பெரிய உதவி அல்ல, தம்மோடு விழித்திருக்கும்படிதான் கேட்டார். அவர்களால் ஒரு மணி நேரம்கூட முடியவில்லை.

அவர்களுக்கு அன்பு இல்லையா? அப்படியல்ல. அவர்கள் துயரத்தால் தூங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். துக்கமும் உடலை அடித்துப்போடும் என்பதை அவர் அறிந்திருந்தார். தூங்கிப்போன நண்பர்களை இயேசு தள்ளிவிடவும் இல்லை. அந்த மூவரும் திருச்சபையின் தூண்கள் ஆனார்கள்.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். பிறகு கேட்டேன்: "நீங்கள் தூங்கியபோது உங்கள் மனைவி தனியாகவா இருந்தார்?" அவர் சற்று யோசித்தார். "இல்லை. இரவுப் பணியில் இருந்த செவிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை எழுப்ப வேண்டாம் என்று அவளே சொன்னாளாம்." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். வீட்டுக்குப் போனபோதெல்லாம் நான் அவரை உலர்ந்த கையால் தொட்டிருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

ஹாஸ்பிஸ் என்ற பணிக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண். செவிலியாகத் தொடங்கி, பிறகு மருத்துவரானவர். 1948-இல் இறந்த ஒரு போலந்து நாட்டு நோயாளி அவரிடம் 500 பவுண்டு விட்டுச்சென்றார், அவர் கட்டப்போகும் இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று. அந்த ஜன்னலைச் சுற்றி இல்லம் எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. அந்த இல்லத்தின் அடித்தளம் எது என்பதைச் சொல்ல சிசிலி அம்மையார் தேர்ந்தெடுத்தது, கெத்சமனியில் இயேசு சீடர்களிடம் வைத்த அந்த வேண்டுகோளைத்தான்.

அந்தப் பன்னிரண்டு பேரும் எதற்காகப் பணம் சேர்த்தார்கள் என்பது அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது. அன்பு இருந்தும் உடல் சோர்ந்து ஒருவர் தூங்கிப்போகும் நேரத்தில், அவருக்குப் பதிலாக விழித்திருக்க ஒருவர் வேண்டும். அதற்காகத்தான். நாம் கொடுக்கிற காணிக்கையும் தர்மமும் அப்படி ஒரு விழித்திருக்கும் மனிதரைப் போய்ச் சேரட்டும்.

ஆனால், பணம் மட்டும் போதாது. நம் பங்கிலேயே படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்கிற மகள் இருக்கிறாள். அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்து, கண் மூடாமல் கிடக்கிற கணவர் இருக்கிறார். நோயாளியை விசாரிக்கிறோம், பழம் வாங்கிப் போகிறோம், பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறோம். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய், "அம்மா, இன்று இரவு நான் பக்கத்தில் இருக்கிறேன், நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்" என்று சொல்வோமா? துக்க வீடாக இருந்தால், அறிவுரை எதுவும் எடுத்துப் போக வேண்டாம். உட்கார்ந்திருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். லாசரின் கல்லறை முன்னே, அவரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும், நம் ஆண்டவர் முதலில் அழுதார்.

அந்த லாரி ஓட்டுநர் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வந்தார், கடைசி வரிசையில். மாதங்கள் சில கழிந்ததும் ஹாஸ்பிஸில் இரவு நேரத் தொண்டராகப் பெயர் கொடுத்தார். விழித்திருப்பது தமக்குப் பழக்கமான வேலைதான் என்றார்.

நமக்காக என்றும் கண் அயராது விழித்திருக்கும் இறைவன், பிறருக்காக விழித்திருக்கும் அருளை நமக்குத் தந்து, உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.