துருப்பிடிச்ச கரி அடுப்பு: சரி பண்றதா, மாத்துறதா?

போன எபிசோடுல பழைய கோடை என்ன பண்றதுன்னு பேசினோம். இந்த வாரம் பழைய இரும்பு.

சின்னசேலத்துல எங்க மாமா சாயங்காலம் கிரில் சிக்கன் கடை போடுறாரு. 200 லிட்டர் ட்ரம்மை நீளவாக்குல பாதியா வெட்டி, கால் வச்சு வெல்டிங் அடிச்ச அடுப்பு. ஒன்பது வருஷமா அதுதான் சோறு போடுது. இந்த மழையில துரு ஏடு ஏடா உரிய ஆரம்பிச்சிருச்சு. புதுசு செய்ய பட்டறையில 14,000 ரூபாய் கேட்டாங்க. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுற மாசம் வேற. "நீ இன்ஜினியர்தானே மாப்ள, பாத்துச் சொல்லு"ன்னாரு. நான் எழுதுறது ஜாவா. அது அவருக்குப் பெரிய விஷயமில்ல.

அலுமினியத்துல படியிற ஆக்சைடு உள்ள இருக்குற உலோகத்தைக் காப்பாத்தும். இரும்புத் துரு அப்படியில்ல. பொடபொடன்னு இருக்கும், ஈரமும் காத்தும் உள்ள போயிட்டே இருக்கும். அதனால கண்ணால பார்த்து முடிவு பண்ணக்கூடாது. சுரண்டிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால குத்தணும். 'டங்'னு கேட்டா இரும்பு மிச்சமிருக்கு. அமுங்கினா இல்ல.

பக்கவாட்டுல எல்லாம் டங். அடியில மூணு ஓட்டை. மழையை மட்டும் திட்ட முடியாது, சாம்பலுக்கும் பங்கு உண்டு. அதுல இருக்குற பொட்டாசியம் உப்பு காத்துல உள்ள ஈரத்தை இழுத்து வச்சுக்கும். ராத்திரி அள்ளாம விட்டா, ஈரத்துணி போட்டு மூடின மாதிரிதான்.

கால் சேர்ற வெல்டிங்ல விரிசல் இருந்திருந்தா பேச்சே இல்ல, மாத்தியே ஆகணும். தணலோட கவிழ்ந்தா யார் பொறுப்பு? நல்லவேளை, கெட்டியா இருந்துச்சு. அடிக்கு மட்டும் 3 மில்லிமீட்டர் தகடு, கூலியோட 2,200 ரூபாய்.

சண்டை வந்தது மேல போடுற கம்பிக்குத்தான். மாமா விலை கம்மின்னு ஜிஐ வலை கேட்டாரு. ஜிஐன்னா துத்தநாகப் பூச்சு. 420 டிகிரி கிட்ட உருகிரும், கரி நெருப்பு அதைச் சாதாரணமா தாண்டும். அந்தப் புகையை மூச்சுல இழுத்தா காய்ச்சலே வரும். 304 ஸ்டெயின்லெஸ் கம்பிதான்னு நான் விடல. தேய்க்க கம்பி பிரஷ்ஷும் வேணாம்னு சொன்னேன். உதிர்ந்த கம்பி கறியோட தொண்டைக்குள்ள போனதைப் பத்தி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-லேயே எச்சரிச்சிருக்கு.

ஹீட் ப்ரூஃப் பெயிண்ட் வெளியில மட்டும். உள்ள கடலை எண்ணெய் தடவி, கரி போட்டு, தோசைக்கல் பழக்குற மாதிரி ரெண்டு மூணு தடவை காய விட்டோம்.

இப்ப தினமும் ராத்திரி சாம்பலை அள்ளி, மூடி போட்ட தகர டப்பாவுல போடுறாரு. உள்ள தணல் இருக்கும், நேரா குப்பைத் தொட்டியில கொட்டிராதீங்க.