போர் நின்றிராவிட்டால்: நம் பக்கத்து ஓடுதளங்களும் மலாயாக் கரையும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு பிள்ளைகள் கொடுத்தது. "இரண்டாம் உலகப் போர் இன்னும் ஒரு வருஷம் நடந்திருந்தால் எந்த விமானம் ஜெயித்திருக்கும் மாமா?" என்று கேட்டார்கள். கணினி விளையாட்டில் ஸ்பிட்ஃபயர் ஓட்டுகிற பிள்ளைகளின் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் 'நடந்திருந்தால்' என்று கற்பனை செய்ய ஒரு விதி உண்டு. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். நாமும் ஒன்றே ஒன்றை மாற்றுவோம். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் பணியவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், நடந்தது என்ன என்று பார்ப்போம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாம் குண்டுவீச்சைக் கண்டன. அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் ஜனங்கள் ஊரைக் காலிசெய்தார்கள். அந்தப் போர்க்காலத்தில் தமிழ்நாடு முழுக்க விமானத் தளங்கள் எழுந்தன, பழையவை விரிந்தன. சோழவரம், அரக்கோணம், சூலூர், தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, மதுரை என்று நீளும் பட்டியல் அது. நமக்கு இரண்டு பக்கமும் இருந்தன. தெற்கே திருச்சி. விமானப்படைப் பதிவுகளில் அதன் பெயர் காஜாமலை. வடக்கே உளுந்தூர்பேட்டை. சென்னைக்குப் போகும்போது நாம் கடக்கிற அதே ஊர்தான். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்தன. ஆக, இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவில் இருந்தவர்கள் நாம்.

தற்காப்புக்காகக் கட்டிய இந்தத் தளங்களுக்கு 1945இல் வேறு வேலை வந்தது. மே மாதத் தொடக்கத்தில் ரங்கூன் மீட்கப்பட்டதும் அடுத்த குறி மலாயா. அந்தப் படையெடுப்புக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் ஜிப்பர்'. மேற்குக் கரையில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், அங்கிருந்து போர்ட் டிக்சன் வரைக்குமான கடற்கரையில் இறங்குவது, பிறகு சிங்கப்பூரைப் பிடிப்பது என்பது திட்டம். குறித்த நாள் செப்டம்பர் 9. இறங்க வேண்டிய தரைப்படையில் பெரும்பகுதி இந்திய டிவிஷன்கள்.

அதற்காகப் பல ஸ்க்வாட்ரன்கள், அதாவது விமானப் படைப்பிரிவுகள், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவுக்கு வந்தன. 17ஆவது, 132ஆவது ஸ்க்வாட்ரன்கள் மதுரையில் ஸ்பிட்ஃபயர் 14 ரக விமானங்களுடன் பயிற்சி எடுத்தன. கிரிஃபன் எஞ்சின், ஐந்து இறக்கை விசிறி கொண்ட விமானம் அது. சோழவரத்தில் மரத்தால் செய்த மஸ்கிடோ விமானங்கள் நின்றன.

இப்போது பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. திருச்சியிலிருந்து கிள்ளான் 2,500 கிலோமீட்டருக்கு மேல். கூடுதல் எண்ணெய்த் தொட்டி மாட்டாத ஸ்பிட்ஃபயர் ஆயிரம் கிலோமீட்டர்கூடப் பறக்காது. அப்புறம் எப்படிப் போவது? சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், கரைக்குப் பக்கத்தில் பறக்க விட வேண்டும். இறங்குவதற்கு மலாயாவில் ஓர் ஓடுதளம் கையில் இருக்க வேண்டும். அதைத் தரைப்படை முதலில் பிடித்தாக வேண்டும். அதனால் எந்த விமானம் வேகமானது என்பதைவிட, எந்த ஓடுதளம் எந்த நாளில் கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

ஹிரோஷிமா ஆகஸ்ட் 6, நாகசாகி 9, ஜப்பானின் அறிவிப்பு 15. போர் நின்ற பிறகும் செப்டம்பர் 9 அன்று படை இறங்கத்தான் செய்தது. எதிர்த்துச் சுட ஆள் இல்லை. அப்படியும் மோரிப் கடற்கரையில் வண்டிகள் சேற்றில் புதைந்தன. 'டிரம்பெட்டர்' என்ற கப்பலிலிருந்து 11ஆவது, 17ஆவது ஸ்க்வாட்ரன்களின் ஸ்பிட்ஃபயர்கள் பறந்துபோய் கெலனாங் தளத்தில் இறங்கின. 132ஆவது ஸ்க்வாட்ரன் மலாயாவுக்கே போகாமல் ஹாங்காங் போய்ச் சேர்ந்தது.

சரி, ஜப்பான் பணியாமல் இருந்திருந்தால்? வானத்தில் பெரிய சண்டை நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். பர்மாவிலேயே 1945இல் ஜப்பானிய விமானங்களைக் காண்பது அரிதாகிவிட்டது. ஸ்பிட்ஃபயரா ஹயாபுசாவா என்ற போட்டிக்கு அங்கே அதிக இடம் இல்லை. இந்த விமானங்களுக்குத் தரையில்தான் வேலை இருந்திருக்கும். பர்மாவில் அதற்கு ஒரு முறையே வைத்திருந்தார்கள். நம் பேருந்து நிலைய ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி, விமானங்கள் வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்கும். கீழே முன்னணியில் இருக்கிற அதிகாரி வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொன்னதும் அங்கே குண்டு போடும். மோரிப் சேற்றில் வண்டிகள் சிக்கி, எதிரே பீரங்கியும் இருந்திருந்தால், அந்தக் கரை முழுவதும் அப்படித்தான் தாக்கப்பட்டிருக்கும்.

அந்தக் கரையில் இருந்தவர்கள் யார்? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கிள்ளான், கோலலங்காட், கேரித் தீவு எல்லாம் ரப்பர், தென்னைத் தோட்டங்கள். அங்கே பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னார்க்காடு ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். மூன்றரை வருஷமாக ஊருக்குக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தார்கள். சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களிலும் மலாயாத் தமிழர்கள் ஏராளம்.

இன்னொன்றும் உண்டு. அப்போது ராயல் இந்திய விமானப்படையின் ஸ்க்வாட்ரன்களும் ஹரிக்கேனிலிருந்து ஸ்பிட்ஃபயருக்கு மாறிக்கொண்டிருந்தன. 1944இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் முதலாவது ஸ்க்வாட்ரன் பறந்தபோது, எதிர்ப்பக்கத்தில் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது. போர் நீண்டிருந்தால் அதே நிலை மலாயாவிலும் வந்திருக்கலாம். நம் நெல்வயல்களுக்கு மேலே பயிற்சி எடுத்த விமானம், கடல் தாண்டி நம் சொந்தக்காரர்களின் லயன் வீடுகளுக்கு மேலே வட்டமடித்திருக்கும். மேலேயும் இந்தியன், கீழேயும் இந்தியன்.

கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் படை 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்துக்குப் போனதைப் பெருமையாகச் சொல்கிறோம். 920 ஆண்டுகள் கழித்து அதே திசையில் இன்னொரு படை புறப்பட்டதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

போர் அன்று நின்றது நல்லதா என்று கேட்டால், மலாயாத் தோட்டங்களில் இருந்த நம்மவர்களுக்கு நல்லதுதான். இன்னும் ஆறு மாதம் நீண்டிருந்தால் மேலே குண்டு, கீழே பட்டினி. ஆனால் அந்த நிம்மதிக்கான விலையை ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வேறு யாரோ கொடுத்தார்கள். அவர்களும் நம்மைப் போலப் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்த சாதாரண ஜனங்கள். இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

பிள்ளைகளே, எந்த விமானம் ஜெயித்திருக்கும் என்ற கேள்விக்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அடுத்த தடவை விளையாடும்போது, கீழே தெரிகிற பச்சைக்குள் யார் குடியிருப்பார்கள் என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மலாயாவிலிருந்து வந்த பழைய கடிதம், மணியார்டர் ரசீது, புகைப்படம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள். உளுந்தூர்பேட்டை, திருச்சி ஓடுதள வேலைக்கு மண் சுமந்ததாகத் தாத்தா பாட்டி சொல்லியிருந்தால், அதையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். அடுத்த இதழில் அவற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்று நிர்வாகிகள் சொல்லியிருக்கிறார்கள்.