மலைச்சிறார்க்குத் தீபாவளிப் புத்தாடை

(போடிநாயக்கனூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரங்களே உள. மலைச்சிற்றூர்ப் பிள்ளைகட்குப் புத்தாடை கொண்டு செல்லும் பணியைப் பற்றிச் சில சொல்லுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்தனர். சென்ற ஆண்டு அப்பணியில் முன்னின்றாருள் யாமும் ஒருவராதலின், அதன் சிறப்பை எடுத்துரைப்போம் என்று நீவிர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் சொல்லப் புகுந்தது அதன் சிறப்பன்று. அன்று நிகழ்ந்த பிழை. அதனை ஆண்டறிக்கையில் எழுதாது விடுத்ததும் எம் பிழையே.

நம் ஊரினின்று மேற்றிசை நோக்கின் காலைதோறும் காண்பது குரங்கணி மலைச்சாரல். அதன் வரலாற்றை முதியோர் அறிவர். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிப் பாதையிலே தொங்கித் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, நம் ஊர் வழியாகவே கடல் கடந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேலிருந்த குண்டளை இருப்புப்பாதையை அழித்தது. கம்பியும் போயிற்று, இடைநிலையமாயிருந்த இடத்திற்குச் சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் நின்றது. பெயரைக் கேட்டுப் புகைவண்டி வருமென்று நினைப்பார் ஏமாறுவர். இவ்வகைச் சிற்றூர்களுக்குப் பாரம் ஏறுவது குதிரை முதுகிலும் மனிதர் தலையிலுமே.

இம்மலைகளிலும், மெட்டுக்கு அப்பால் இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலும் உழைப்போர் எத்துணையர் என்பது, விடியற்காலையில் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் புறப்படும் ஜீப்பு வண்டிகளைக் கண்டார்க்குத் தெரியும். ஏலக்காய் ஒரே முறையில் அறுத்து முடியும் பயிரன்று. ஆடி ஆவணியிற் காயெடுக்கத் தொடங்கினால், பழுத்த காயை மட்டும் தெரிந்து, மாதம் ஒருமுறையோ நாற்பது நாளுக்கு ஒருமுறையோ அதே செடியை வந்து வந்து பறிக்க வேண்டும். ஆகவே தீபாவளி வருவது பறிப்பின் நடுவிலே. தாய் செடியடியிற் குனிந்திருப்பாள், பிள்ளை பாட்டியிடத்திருக்கும், புத்தாடை வருமோ வாராதோ என்பது தோட்டத்துப் போனஸ் வரும் நாளைப் பொறுத்தது. 2019-ஆம் ஆண்டில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழும் இறங்கிற்று. விலை ஏறினபோது கூலி அவ்வண்ணம் ஏறக் கண்டிலோம்.

இனிப் பிழையைச் சொல்வோம். சென்ற ஆண்டு, குரங்கணிக்கு மேல் ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் ஏறிச் சேரும் ஒரு சிற்றூரைத் தெரிந்துகொண்டோம். ஊர்ப்பெயரை வேண்டுமென்றே விடுக்கின்றோம். அவ்வூர்ப் பள்ளிப் பதிவின்படி பிள்ளைகள் நாற்பத்தறுவர். நாற்பத்தாறு ஆடையும் இனிப்புப் பொட்டலமும் மத்தாப்பும் கட்டிக்கொண்டு பன்னிருவர் ஏறினோம். ஆங்குக் கண்ட பிள்ளைகளோ ஐம்பத்து மூவர். ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்டோர் அடிவாரத்து விடுதிகளில் தங்கிப் படிப்போர். விடுமுறைக்கு வீடு வந்திருந்தனர். இருபதாண்டுக்கு மேலாகப் பள்ளியிற் பணிபுரியும் எமக்கு, விடுமுறையில் விடுதிப் பிள்ளை வீடு திரும்பும் என்பது தோன்றாமற் போயிற்று!

வரிசை நிறுத்தினோம். சிறியோரை முன்னும் பெரியோரை பின்னும் நிறுத்தியமையால் எஞ்சிய எழுவரும் பெரிய பிள்ளைகள். நாணம் இன்னதென்று அறியும் வயதினர். வெறுங்கையோடு நின்ற அவர்களைப் பார்த்து, "அடுத்த வாரம் கொண்டுவந்து தருவோம், தம்பிகளா" என்றோம். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது, பாதை வழுக்கிற்று, எம்மவரும் ஆளுக்கொரு வேலையிற் சிதறினர். கார்த்திகை பிறந்த பின்னரே எழுவர்க்கும் ஆடை சென்றது. வாங்கிக்கொண்ட சிறுவன் ஒருவன் கோபமின்றி, "தீபாவளி முடிஞ்சிருச்சே, சார்" என்றான். அவ்வளவே. அச்சொல் இன்றளவும் எம் செவியில் உள்ளது.

இஃது ஒரு பிழை. இதனினும் பெரிது ஒன்றுண்டு. ஆடை வாங்கிய ஒவ்வொரு பிள்ளையையும் நம் இளைஞர் நிறுத்தி, ஆடையை மார்பின்மேற் பிடிக்கச்செய்து, செல்பேசியிற் படம் எடுத்தனர். யாம் தடுத்திலோம்; இரண்டொரு படத்தில் யாமும் நிற்கின்றோம். பொழுது சாயக் காட்டுமாடு இறங்கும் என்று அஞ்சி விரைந்து கிளம்புகையில், ஒரு மூதாட்டியார் வழிமறித்தார். அவர் வீட்டு அடுப்பில் பெரிய பானையிற் கருப்பட்டிக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது, பன்னிருவர்க்குமாக வைத்தது. "பிள்ளைகளக் கையேந்த வச்சுப் படம் புடிச்சீக, வாத்தியாரய்யா. எங்க வீட்டுல ஒரு வாய் குடிக்க நேரமில்லையாக்கும்?" என்றார். நேரமில்லை என்றுதான் சொல்லி இறங்கினோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வந்திலது. தமிழ் கற்றோர்க்குத் துன்பம் வந்தவிடத்தும் இலக்கணமே நினைவுக்கு வரும், பொறுத்தருள்க. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொல்லும் ஒருபொருளன என்று நாம் வழங்குகின்றோம். தொல்காப்பியனாரோ அவற்றைப் பிரித்துவைத்தார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடத்துக் கேட்கும் சொல் ஈ. ஒத்தவன் ஒத்தவனிடத்துக் கேட்கும் சொல் தா. உயர்ந்தவன் கேட்கும் சொல் கொடு. இது பலரும் அறிந்தது. அவர் வேறோரிடத்துச் சொன்னதைப் பலர் கருதுவதில்லை. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியன என்பதே அது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தேன் என்போம். அவனுக்குக் கொடுத்தான் என்போம். மலையில் நாம் செய்தது கொடுத்தல். அப்பிள்ளைகள் நமக்கு 'அவர்கள்' ஆகவே இருந்தனர். பெயர் அறியோம், அளவு அறியோம், எத்துணையர் என்பதும் அறியோம். முன்னே நின்றும் முன்னிலையாயினாரல்லர்.

வள்ளுவனாரும் ஈகையைத் தனியே நிறுத்தினாரல்லர். ஒப்புரவறிதலை முன்வைத்து, ஈகையை அடுத்து வைத்து, புகழ் என்பதை அதன்பின் வைத்தார். இக்காலத்து அறச்செயலாளர் சிலர் முதலதிகாரத்தை விடுத்து, நடுவதிகாரத்தை மிதித்துக்கொண்டு, மூன்றாவதற்குத் தாவுகின்றனர். செல்பேசி அதற்கு நல்ல ஏணியாயிற்று. சென்ற ஆண்டு அவ்வேணியில் யாமும் ஒரு படி ஏறினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இப்பிழை நமக்கே உரியதன்று, உலகெங்கும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் கடற்கரையூர்களைச் சூறையாடியபோது நாடெங்குமிருந்து துணி வந்தது. வந்தவற்றுட் பெரும்பகுதி மீனவப் பெண்டிர் உடுக்கலாகாதது; கிழிந்ததும் கறைபட்டதும் வேற்றூர் வழக்கினதுமாக வீதியோரத்திற் குவிந்து மழையில் நனைந்தது. வீடிழந்தும் மானமிழவாதவர் அதனை ஏறிட்டும் பார்த்திலர். அன்பு இல்லாமையால் நேர்ந்த குறையன்று அது. யாருக்கு அனுப்புகிறோம் என்ற எண்ணம் இல்லாமையால் நேர்ந்தது.

அவ்வெண்ணம் உடையாரும் உளர். தில்லியில் 1999-ஆம் ஆண்டு அன்ஷு குப்தா என்பார் தோற்றுவித்த 'கூஞ்ச்' என்னும் அமைப்பினர் சிற்றூரார்க்கு ஆடையை வாளா வழங்குவதில்லை. குளம் தூர்வாருதலோ, பாதை திருத்துதலோ, தம் ஊர்க்கு வேண்டியது இன்னது என்று ஊராரே தெரிந்து செய்து முடிக்கின்றனர். ஆடை அதற்குரிய மதிப்பாக அவரிடம் சேர்கின்றது. அவர்க்கு 2015-ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது. அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1947-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இன்னொன்று. ஹென்றிக்ஸ் என்னும் கடற்படைவீரப் பிரிவின் மேஜர் ஒருவரின் மனைவியார் தம் கையாலே ஒரு பொம்மை செய்து, கிறிஸ்துமஸ் திருநாளில் இல்லாத குழந்தைக்குச் சேர்ப்பிக்குமாறு கணவரிடம் தந்தார். சேர்ப்பிப்பதற்கு அமைப்பொன்றும் இல்லையென்று அவர் வந்து சொல்ல, நீவிரே ஒன்று தொடங்குக என்றார் அம்மையார். அவ்வாண்டே ஐயாயிரம் விளையாட்டுப் பொருள்கள் சேர்ந்தன. அவ்வியக்கம் நாடு முழுதும் பரவி நின்றது. பெருகிய பிறகு எத்தனை இலக்கமோ, எமக்கு அதிற் கருத்தில்லை. ஒரு பொம்மை தனக்குரிய ஒரு குழந்தையைத் தேடிப் புறப்பட்டதே, அதுதான் பிடித்தது.

நம் நாட்டிலேயும் 1958 முதலாகக் காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித்துறையை நடத்திய காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் தம் ஊர்ப் பள்ளிக்கே பலகையும் கடிகாரமும் பிள்ளைகட்குச் சீருடையும் தந்தனர். தந்தவர்க்கு அப்பிள்ளைகளின் பெயரை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

மலைமக்கள் கொள்வோர், நாம் கொடுப்போர் என்று எண்ணுவார் ஒருமுறை 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாளை நினைத்தல் வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் திருப்பூர் ஈரோட்டுப் பக்கங்களிலிருந்தும் மலையேற வந்தோர் குரங்கணிக் காட்டுத்தீயில் அகப்பட்டு, 20-க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அரசினர் படையும் வானூர்தியும் வருமுன் புகையைக் கண்டு மேலேறியோர் குரங்கணிச் சுற்று ஊரார். போர்வையைக் கழியிற் கட்டித் தூளியாக்கி, பள்ளத்தில் வெந்து கிடந்தாரை இருளிலே தோளிற் சுமந்து இறக்கினர். அவர்கள் யார், எவ்வூரார், என்ன குலத்தார் என்று சுமந்தவர் கேட்டதாக யாம் கேள்விப்பட்டதில்லை.

குலம் என்னவே, நம் அன்பர் ஒருவர் சென்ற கூட்டத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை சொல்லக் கடவோம். "நம் குலத்துப் பிள்ளைகளுள் ஏழையர் இலரோ? சங்கப் பொருளை மலையிற் கொண்டு கொட்டுவதேன்? செல்லத்தான் வேண்டுமெனின், பெயரோடு குலமும் எழுதி, நம்மவர்க்கு முதலிற் செய்க" என்றார் அவர். வினா நேரியது, அவர் நம் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் வழங்குபவர், அவரை யாம் எள்ளோம். நம் பிள்ளைகளுள் ஏழையர் உளர். அவர்க்குரிய கல்வி நிதியில் ஒரு காசும் இப்பணிக்கு எடுத்ததில்லை, இனியும் எடுப்பதில்லை. இதற்குத் தனியே திரட்டுவோம், இல்லையேல் செல்லாதிருப்போம். அவர் சொன்ன இரண்டாவதைத்தான் எம்மால் ஏற்க இயலவில்லை. அச்சிற்றூரில் நம்மவர் வீடு நான்கோ ஐந்தோ. முதுவரும் பளியரும் பிற குலத்தாருமாக மற்றவர். ஒரே ஓடையில் நீர் எடுக்கின்றனர். ஒரே தோட்டத்தில் காய் பறிக்கின்றனர். கணக்குப் பிழையால் எழுவர் வெறுங்கையோடு நின்றதை ஓராண்டாக ஆற்றமாட்டாதிருக்கின்றோம். அதனையே இவ்வாண்டு கணக்குப் போட்டுச் செய்வதோ? அவ்வாறு முடிவாயின் வேறொருவர் தலைமை ஏற்கட்டும். யாம் உடன் வாரோம். இதனைச் சினத்தாற் சொல்லவில்லை.

இவ்வாண்டு செய்தது இது. சென்ற வாரம் வனத்துறையாரின் இசைவு பெற்று, நம் தையற்காரரோடு ஐவர் அவ்வூர் ஏறினோம். ஆடை ஒன்றும் கொண்டு செல்லவில்லை. அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமுமே. முதலில் மூதாட்டியார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காப்பி குடித்தோம். இரண்டாவது குவளையும் குடிக்கச் செய்தார். பின்னர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பெயர் சொல்லி, அளவு கொடுத்து, விரும்பிய நிறத்தையும் சொன்னார்கள். விடுதிப் பிள்ளைகளின் அளவை அடிவாரத்து விடுதிகளிலேயே எடுத்துவிட்டோம். மொத்தம் ஐம்பத்தெண்மர். ஒரு சிறுமி, "பாவாடை எங்கம்மா போனஸ்ல எடுத்துரும். எனக்கு மழைக்கோட்டு வேணும், சார். நனைஞ்சிக்கிட்டே பள்ளிக்கூடம் போறேன்" என்றாள். அதன்பின் மழைக்கோட்டு வேண்டும் என்றோர் பத்தொன்பதின்மர். சென்ற ஆண்டு எவரையும் கேளாமையால் இஃது எமக்குத் தெரிந்திலது. கார்த்திகையில் ஆடை பெற்ற அச்சிறுவன் நீலச் சட்டை கேட்டான், "தீபாவளிக்கு முன்னாடியே வருமா, சார்?" என்றும் கேட்டான். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசிக்குள்ளேயே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி வந்தோம். இறங்குகையில் ஒரு மூட்டை இலவம்பஞ்சும் இரண்டு படி காப்பிக்கொட்டையும் எம்மேல் ஏற்றினர். மறுத்திலோம். பஞ்சு நம் சங்க அலுவலகத்தில் உள்ளது. தலையணை வேண்டுவோர் பார்த்துக்கொள்க.

படம் எடுப்பதில்லை என்று இளைஞர் தாமே முடிவு செய்தனர். துணிக்கும் தையற்கூலிக்கும் மழைக்கோட்டுக்கும் பொருள் இனித்தான் சேர வேண்டும். செயலாளரிடம் குறிப்பேடு உள்ளது. இன்னொன்று. நாங்கள் விடைபெறுகையில் அம்மூதாட்டியார், "துணி கொண்டாரையில எத்தன பேரு வருவீகன்னு முன்னக்கூடியே சொல்லி விடுங்க, வாத்தியாரய்யா, கருப்பட்டி வாங்கி வைக்கணும்" என்றார். ஆகவே உடன்வர விரும்புவோர் இன்று கூட்டம் கலையுமுன் பெயரை எழுதிவிடுக. வியாழக்கிழமை மேலே செல்லும் குதிரைக்காரரிடம் தொகையைச் சொல்லியனுப்ப வேண்டும்.