அடுத்த பாட்டு எது?



அபிராமி அந்தாதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் தஞ்சாவூர், மாயவரம், கும்பகோணம் பக்கம் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரிடம், "மாமி, 63-ஆம் பாட்டு எது?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. தனக்கு எண் தெரிந்த ஏதோ ஒரு பாட்டிலிருந்து தொடங்கி, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கித்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்வார். அவரிடமே ஒரு பாட்டின் கடைசி வரியைச் சொல்லி, "இதற்கு அடுத்தது?" என்று கேளுங்கள். நீங்கள் வாயை மூடுவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும். "சரி, இதற்கு முந்தினது?" என்றால் மறுபடியும் திணறல்.

மூன்று கேள்விக்கு மூன்று வேகத்தில் பதில். இதே மூன்று கேள்வியும் இதே மூன்று வேகமும் கம்ப்யூட்டருக்குள்ளும் உண்டு. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'லிங்க்டு லிஸ்ட்' என்று அவர்கள் புலம்புவது உங்கள் காதில் விழுந்திருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே போய் எடுக்கக்கூடிய பட்டியல் அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அந்தச் சொல்லிலோ அசையிலோ அடுத்த பாட்டு தொடங்குவது அந்தாதி. காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாவை இப்படிக் கோத்தார். திருக்கடையூர் அபிராமி பட்டர் 100 கட்டளைக் கலித்துறையைக் கோத்தார். தஞ்சையை முதலாம் சரபோஜி ஆண்ட காலம் அது. நூறாம் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தோடு வந்து சேரும். மண்டலித்தல் என்று இலக்கணக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது அதே நூலை ஓலையில் பாருங்கள். ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண் போட்டிருப்பார்கள். தஞ்சை அரண்மனை வளாகத்து சரசுவதி மகால் நூலகத்தில் அப்படிப்பட்ட சுவடிகளைக் காணலாம். எண் இருந்தால் நேராக அந்த ஏட்டைப் புரட்டிவிடலாம், நடுவில் இருப்பதைப் படிக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் இதற்கு 'அரே' என்று பெயர். நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களில் வரிசையாக வைத்துவிட்டால், 63-ஆவது எங்கே என்பது ஒரு பெருக்கல், ஒரு கூட்டலில் தெரிந்துவிடும். லிங்க்டு லிஸ்டில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு உருப்படியும் நினைவகத்தில் எங்கெங்கோ கிடக்கும். ஒவ்வொன்றும் தன்னுடைய சரக்கோடு, அடுத்தது எங்கே இருக்கிறது என்கிற ஒரே ஒரு தகவலை மட்டும் வைத்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்த பொட்டலத்தைக் 'கணு' என்பார்கள்.

எண் தெரிந்த பாட்டு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டர் 79-ஆம் பாட்டைப் பாடியபோதுதான் அமாவாசை வானத்தில் நிலவு வந்தது என்பது ஐதிகம். செல்வம் கல்வி வேண்டிச் சொல்லும் பாட்டு 69 என்பதும் பலருக்குத் தெரியும். அப்படி எண்ணோடு மனதில் நிற்கும் பாட்டுகள் குறுக்குவழி ஆகின்றன. 1990-இல் வில்லியம் பியூ என்ற அமெரிக்கர் 'ஸ்கிப் லிஸ்ட்' என்று ஒன்றை வெளியிட்டார். சில கணுக்களுக்கு மட்டும் தாவிச் செல்லும் இணைப்பைக் கூடுதலாக வைத்த பட்டியல் அது. மாமிகள் அதை எப்போதோ தொடங்கிவிட்டார்கள்.

இந்தப் பட்டியல்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை கும்பகோணத்தைத் தொட்டது. வீரநாராயணபுரம், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்தவர் நாதமுனிகள். யாத்திரை வந்த சிலர் குடந்தை ஆராவமுதன்மேல் ஒரு பதிகம் பாடக் கேட்டு அவர் உருகிப்போனார் என்று வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் நம்மாழ்வார் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: இது ஆயிரம் பாட்டில் ஒரு பத்து. பாடியவர்களிடம் மற்றதைக் கேட்டால், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள்.

நாதமுனிகளின் நிலைமையைப் பாருங்கள். பட்டியலின் நடுத்துண்டு ஒன்று கையில் இருக்கிறது. அந்தப் பதிகம் இடம்பெற்ற திருவாய்மொழி முழுவதும் அந்தாதி. அதனால் அந்தத் துண்டின் கடைசிச் சொல்லிலிருந்து அடுத்த பதிகம் எந்தச் சொல்லில் தொடங்கும் என்றுகூட ஊகிக்கலாம். மொத்தம் எத்தனை என்பதும் தெரிகிறது. ஆனால் பட்டியலின் தலை கையில் இல்லை. தலை இல்லாவிட்டால், மீதி எங்கோ பத்திரமாக இருந்தாலும் நமக்கு இல்லாததுதான். நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும். ஜாவா போன்ற மொழிகளில் யாரும் பிடித்திருக்காத கணுக்களைக் குப்பை என்று கருதி இயந்திரமே கூட்டித் தள்ளிவிடும். நாதமுனிகள் தலையைத் தேடி நம்மாழ்வாரின் ஊரான திருக்குருகூருக்கே போனார். மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, ஆழ்வாரிடமிருந்தே நாலாயிரத்தையும் பெற்றார் என்பது மரபு.

அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆயிரம் என்று ஆழ்வார் சொன்னாலும் திருவாய்மொழியில் உள்ளவை 1102 பாசுரங்கள். பதிகம் நூறு. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பதினொரு பாட்டு, பன்னிரண்டு திருநாமங்கள் வரும் பதிகத்தில் மட்டும் 13. கவிஞர் முழு எண்ணாகச் சொன்னார், அது அழகு. நிரலில் அந்தச் சலுகை கிடையாது. பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும், எடுத்தால் கழிக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மறந்தாலும் அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் தன்னைப் பற்றியே பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

சேர்ப்பது எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 46-க்கும் 47-க்கும் நடுவில் புதிதாக ஒரு கணு வர வேண்டும். அரேயாக இருந்தால் 47 முதல் 100 வரை எல்லாவற்றையும் ஒவ்வொரு இடம் தள்ளி வைக்க வேண்டும். லிங்க்டு லிஸ்டில் இரண்டே வேலை. முதலில் புதிய கணுவிடம், "உனக்கு அடுத்தது 47" என்று சொல்லவேண்டும். பிறகு 46-இடம், "உனக்கு அடுத்தது இந்தப் புதியது" என்று சொல்லவேண்டும். இந்த வரிசையை மாற்றி, 46-ஐ முதலில் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. 47 எங்கே என்று தெரிந்திருந்த ஒரே ஆள் 46. அந்தத் தகவலின் மேலேயே எழுதிவிட்டோம். 47 முதல் 100 வரை 54 பாட்டும் ஒரே நொடியில் போய்விடும். லேப் தேர்வில் பாதிப் பேர் விழுகிற பள்ளம் இதுதான்.

அந்தாதியில் இடைச்செருகல் செய்ய வேண்டுமானால் இதைவிடக் கஷ்டம். 46-ஐ நம்மால் திருத்த முடியாது, 47-ஐயும் திருத்த முடியாது. அதனால் நுழைகிற பாட்டு 46 முடிந்த சொல்லில் தொடங்கி, அதே சொல்லிலேயே முடிய வேண்டும். யாப்பும் கெடக்கூடாது. ஒரு பாட்டை உருவினாலோ, பக்கத்துப் பாட்டுகள் சேராமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். கணுவின் சரக்குக்கும் இணைப்புக்கும் கம்ப்யூட்டரில் சம்பந்தம் இல்லை. அந்தாதியில் சரக்கே இணைப்பு. என்னைக் கேட்டால் நம் புலவர்கள் செய்தது இன்னும் கெட்டியான வேலை. இன்றைய பிளாக்செயின்காரர்கள், முந்தைய கட்டத்தின் சுருக்கக் குறியை அடுத்த கட்டத்துக்குள் பொதித்து வைப்பதும் ஏறக்குறைய இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் உலகில் இந்த வகைப் பட்டியல் 1950-களின் நடுவில் அமெரிக்காவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகிய மூவரின் கையில் உருவானது. நான் சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகு நார்வேயில் நடந்தது. ஆஸ்லோவில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நிஜ உலகத்து வரிசைகளையும் காத்திருப்புகளையும் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலம், அதில் வரிசையாக லாரியும் பஸ்ஸும். இது அவர்கள் கையில் இருந்த உதாரணம்.

பாலத்தை விடுங்கள், ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். குறுவை அறுவடை நேரம். டிராக்டர் டிப்பர் நிற்கிறது, மாட்டுவண்டி நிற்கிறது, மினி லாரி நிற்கிறது. டிராக்டருக்கு டீசல் கணக்கு, மாட்டுக்கு வைக்கோல் கணக்கு. ஒன்றுக்கொன்று எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் வரிசையில் நிற்பது என்ற ஒரு விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான்: எனக்கு முன்னால் யார், எனக்குப் பின்னால் யார். இந்தப் பொதுத்தன்மையை வண்டிக்கு வண்டி தனித்தனியாக ஏன் எழுத வேண்டும்? 'லிங்க்' என்று ஒரு கிளாஸில், அதாவது ஒரு பொது அச்சில், ஒரு தடவை எழுதிவிட்டு, டிராக்டரும் மாட்டுவண்டியும் அதிலிருந்து பெற்றுக்கொள்ளட்டுமே.

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைகளில் ஒன்றான மரபுரிமை சிமுலா 67-இல் பிறந்தது இந்த வழியாகத்தான். வரிசைப் பட்டியல் ஏதோ பாடப்புத்தகத்தின் ஒரு மூலையில் கிடக்கும் பழைய சங்கதி என்று நினைக்கிறோம். கிளாஸிலிருந்து கிளாஸ் பிறக்கும் யோசனையே அதைக் கட்டுகிற முயற்சியில் கிடைத்தது. 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது டால், நிகார்டு இருவருக்கும் போனது. அடுத்த ஆண்டே இருவரும் காலமானார்கள். சிமுலாவின் பட்டியலும் உள்ளுக்குள் மண்டலித்ததுதான்: கடைசிக் கணுவின் இணைப்பு தலைக்கே திரும்பி வரும். வெளியிலிருந்து கேட்டால் மட்டும், "அடுத்தது இல்லை" என்று சொல்லும்.

இன்று ஜாவாவில் இது எப்படி இருக்கிறது? 1998-இல் வந்த ஜாவா 1.2-இல் ஜோஷுவா பிளாக் தலைமையில் பட்டியல் கிளாஸ்களை ஒழுங்குபடுத்தினார்கள். அதில் இரண்டு வகை அடித்தளம் உண்டு. ஒன்று, எண்ணைச் சொன்னால் எடுத்துத் தரத் தெரிந்தது. எடுத்துத் தரத் தெரிந்தால், ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டுக்கொண்டே நடக்கவும் முடியும். இன்னொன்று நேர் எதிர். அதற்கு முதலில் தெரிந்தது நடப்பதுதான். 63-ஆவது வேண்டுமென்றால், 63 வரும்வரை நடந்து எடுத்துத் தரும். புதிதாக ஒரு தொடர்வரிசைப் பட்டியலை நீங்கள் எழுதினால், கட்டாயம் தர வேண்டியவை இரண்டு: மொத்தம் எத்தனை, நடத்திச் செல்கிற ஆள் யார். அந்த ஆளுக்கு 'இட்டரேட்டர்' என்று பெயர். அவர் எப்போதும் இரண்டு பாட்டுக்கு நடுவில்தான் நிற்பார், பாட்டின் மேல் நிற்க மாட்டார். அதனால் 100 பாட்டில் அவருக்கு நிற்க 101 இடம்.

கணுவும் அதன் இணைப்புகளும் பட்டியலின் உள்வீட்டுச் சமாசாரம். வெளியில் இருப்பவர் அதைத் தொடவே கூடாது. தொட விட்டால், முன்பு சொன்ன 54 பாட்டு காணாமல்போகிற கதைதான்.

எண் சொல்லி எடுப்பதற்கும் நடந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் புரியாமல் எழுதினால் என்ன ஆகும்? நூறு பாட்டையும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். நடந்துகொண்டே சொன்னால் 100 பாட்டோடு வேலை முடிந்தது. ஒவ்வொரு முறையும் எண் சொல்லிக் கேட்டால்? ஒன்றாம் பாட்டுக்கு ஒன்று, இரண்டாம் பாட்டுக்கு முதலிலிருந்து இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. கூட்டினால் 5050 பாட்டு. ஜாவாவின் லிங்க்டு லிஸ்டுக்கு முன்னும் பின்னும் போகத் தெரியும், எந்த முனை பக்கமோ அங்கிருந்து தொடங்கும். அப்போதும் 2550. நிரல் தப்பு இல்லை, விடையும் சரியாகவே வரும். பட்டியல் லட்சக்கணக்கில் வளரும்போதுதான் இயந்திரம் ஏன் மூச்சு வாங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அன்றாட வேலைக்கு இன்று இந்தப் பட்டியல் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஜாவாவில் இதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2015-இல், தான் இதைப் பயன்படுத்துவதில்லை என்று ட்விட்டரில் சொல்லிவிட்டார். அடுத்தடுத்து இருப்பதை அள்ளி எடுப்பதில் இன்றைய சில்லுகளுக்கு வேகம் அதிகம். அங்கும் இங்கும் தாவித் தாவி எடுப்பது அவற்றுக்குப் பிடிக்காத வேலை. அதனால் நடுவில் சேர்க்கிற வேலையில்கூடப் பல நேரம் அரேதான் ஜெயிக்கிறது. மாணவர்களுக்கு நான் சொல்வது: சந்தேகம் இருந்தால் அரே.

ஆனால் லினக்ஸ் கருவுக்குள் போய்ப் பாருங்கள், மூலைக்கு மூலை இந்த வட்டப் பட்டியல்தான். கடைசியாகப் பயன்பட்டது எது என்று கணக்கு வைத்துப் பழையதைத் தள்ளுகிற தற்காலிகச் சேமிப்புகளிலும் இது இருக்கிறது. கணு கையில் இருக்கிறது, அதை உருவி வேறு இடத்தில் சொருக வேண்டும் என்கிற வேலைகளுக்கு இதற்கு ஈடு கிடையாது.

தேர்வில் தவறாமல் வருகிற ஒரு கேள்வி: பட்டியலைத் தலைகீழாக்கு. நூறிலிருந்து ஒன்றுக்கு. ஒவ்வொரு கணுவிலும் இணைப்பை மட்டும் திருப்பிவிட்டால் போதும், சரக்கில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். முந்தினது, இப்போதையது, அடுத்தது என்று மூன்று குறிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே நடையில் முடிக்கலாம். அபிராமி அந்தாதியை அப்படித் திருப்ப வேண்டுமென்றால், நூறு பாட்டையும் பட்டர்தான் மறுபடி எழுத வேண்டும்.