லீவு லெட்டருக்குள் மறைந்து போகும் விபத்து

(போக்குவரத்துக் கழகப் பணிமனை அலுவலகப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்லயே ஒன்று சொல்லிடுறேன். நான் வக்கீல் இல்லை. இதழியல் படித்துவிட்டு செய்தித் துறையில் வேலை பார்க்கிறேன். எந்த உதவிக்கு எங்கே மனு கொடுக்கணும், என்னென்ன சான்று வைக்கணும் என்பதை எளிய தமிழில் எழுதுவதுதான் என் வேலை. பணியாளர் இழப்பீடு பற்றி எழுத உட்கார்ந்தபோது, சட்டம்தான் சிக்கலாக இருக்கும் என்று நினைத்தேன். படிக்கப் படிக்க, சட்டம் ஓரளவு தெளிவாகத்தான் இருக்கு. விபத்து நடந்த முதல் வாரத்தில் பணிமனையில் எழுதுகிற காகிதத்தில்தான் பல கோரிக்கைகள் நிற்குது, இல்லேன்னா விழுது. அதனால் இன்றைக்கு அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போறேன்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். கண்டக்டர் ஒருத்தர் ஓடுற பஸ்ஸில் டிக்கெட் போடும்போது பிரேக் அடிக்க, படிக்கட்டில் விழுகிறார். முழங்கால் வீங்கிடுது. "பத்து நாள் மெடிக்கல் லீவு போட்டுட்டு ரெஸ்ட் எடுங்கண்ணே" என்று யாராவது நல்ல மனசோடதான் சொல்லுவாங்க. அவரும் போடுறார். ஆறு மாசம் கழித்து, தசைநார் கிழிந்திருக்கு, இனி நின்றபடி வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்கிறார். இப்போ அந்த விபத்தை எங்கே போய்த் தேடுவது? லீவு லெட்டரில் "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்று மட்டும் இருக்கு. விபத்தே நடக்காத மாதிரி ஆயிடுச்சு. யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் அவருக்கு நஷ்டம்.

இழப்பீட்டுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது, காயம் வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் ஏற்பட்டதா என்பதைத்தான். அதைக் காட்டும் காகிதங்கள் நம்ம கையில்தான் உருவாகுது. அன்றைய டிரிப் ஷீட், டைம் கீப்பர் பதிவு, கூட இருந்த டிரைவரின் எழுத்துமூல வாக்குமூலம். அப்புறம் ஆஸ்பத்திரியில் போடும் விபத்துப் பதிவு, நாம ஏ.ஆர். காப்பி என்று சொல்றது. அங்கே "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்கும்போது, வலியில் இருப்பவர் "கீழே விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடுவார். கூடப் போகிற நீங்கதான், "டூட்டியில், இந்தத் தடத்துப் பஸ் படிக்கட்டில் விழுந்தார்" என்று சொல்லி எழுத வைக்கணும். அந்த ஒரு வரிக்கு இருக்கிற மதிப்பு பின்னாடி வாங்குகிற பத்துச் சான்றுக்கு வராது.

மூன்று நாளைக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் இழப்பீடு உண்டு. அதுக்காகச் சின்னக் காயத்தைப் பதியாமல் விட்டுடாதீங்க. சின்னது பெரிசாகுமா என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அடுத்தது, விபத்தில் டிரைவர் இறந்துபோகும்போது பணிமனை வாசலிலேயே காதில் விழுகிற பேச்சு. "எஃப்.ஐ.ஆரே அவர் மேலதான் போட்டிருக்கு, குடும்பத்துக்கு ஒண்ணும் வராது." இது தப்பு. இந்தச் சட்டத்தில் யார் மேல் தவறு என்பது கேள்வியே இல்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற விலக்குகள்கூட, மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டப்படி தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் இருக்கு. ஆனால் அந்தச் சட்டத்தின் 167-ஆம் பிரிவுப்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தவறு தன் மேலேயே இருக்கிற டிரைவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயத்தில் ஜெயிப்பது கஷ்டம். இதை விவரமாகச் சொல்லாமல் "கேஸ் போடுங்கம்மா" என்று அனுப்பி வைக்கக் கூடாது.

கணக்கு பெரிய வித்தை இல்லை. 2024-ல் நடந்த விபத்து, வயது 40 என்று வச்சுக்குங்க. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் 15,000 ரூபாய் (2020 ஜனவரி வரை இது 8,000 தான்). 40 வயதுக்கு அட்டவணையில் உள்ள காரணி 184.17. மரணம் என்றால் சம்பளத்தில் பாதியை, அதாவது 7,500-ஐ அதால் பெருக்கணும்: 13,81,275 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம், 16,57,530 ரூபாய். பணிமனையில் மெக்கானிக் ஒருவருக்குக் கட்டைவிரல் போனால் அட்டவணை 30 சதவீத இழப்பு என்கிறது, அதனால் 4,97,259 ரூபாய். மருத்துவச் செலவு தனி, அதையும் நிர்வாகம் தரணும். இன்றைய டிரைவர் சம்பளத்துக்கு 15,000 என்ற வரம்பு குறைவு என்பது என் கருத்து. ஆனால் சட்டத்தில் இருப்பது அதுதான்.

பணம் விபத்து நாளிலிருந்தே கொடுக்க வேண்டியதாகிறது. 1975-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு தச்சுத் தொழிலாளி வழக்கில் இதைச் சொல்லியாச்சு. ஒரு மாதத்துக்குள் கொடுக்கலைன்னா 12 சதவீத வட்டி. சரியான காரணமில்லாத தாமதம் என்றால் அதன்மேல் 50 சதவீதம் வரை அபராதம். ஒரு ஃபைல் மேசை மேசையாக அலையும்போது கழகத்தின் பணம்தான் கரையுது. தொகையில் தகராறு இருந்தாலும், ஒப்புக்கொள்கிற அளவை உடனே செலுத்திடணும்.

மரண இழப்பீட்டைக் குடும்பத்தார் கையில் நேரடியாகக் கொடுக்காதீங்க. தொழிலாளர் துறையில் உள்ள இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்தணும். நேரில் கொடுத்தது கணக்கில் வராது. அவசரத்துக்கு மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் கொடுக்கலாம், அது பிறகு கழிக்கப்படும். இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கு. துக்க வீட்டில் பணத்தோடு போனால், சத்தமாகப் பேசுகிற உறவினர் கைக்குத்தான் முதலில் போகும். மனைவி, மைனர் பிள்ளைகள், விதவைத் தாய் என்று யாருக்கு எவ்வளவு என்பதை ஆணையர் பிரித்துக் கொடுப்பார். வாரிசு சான்றிதழில் பேர் இருக்கிற எல்லாருமே இந்தச் சட்டப்படி சார்ந்திருப்பவர் ஆகமாட்டாங்க என்பதையும் சொல்லிடுங்க. குடும்பம் தானாகக் கோரினால் காலக்கெடு இரண்டு ஆண்டு. தங்கள் ஊர் எல்லையில் இருக்கிற ஆணையரிடமே மனு கொடுக்கலாம், சென்னைக்கு வர வேண்டியதில்லை.

ஊனச் சதவீதத்தில் ஒரு நுட்பம் இருக்கு. காலை இழந்த டேங்கர் லாரி டிரைவர் ஒருவருக்கு, அவர் இனி வண்டியே ஓட்ட முடியாது என்பதால், 2008-ல் உச்ச நீதிமன்றம் நூறு சதவீத இழப்பு என்று முடிவு செய்தது. டாக்டர் தருகிற சதவீதம் உடம்புக்கு. இழப்பீடு, அந்த உடம்பால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதற்கு. டிரைவர் ஃபைலை அனுப்பும்போது பதவி, வேலையின் தன்மை இரண்டையும் தெளிவா எழுதுங்க.

இழப்பீடு வாங்கினதோட வேலை போயிடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 20-ஆம் பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வெளியேற்ற முடியாது. அதே சம்பளத்தில் மாற்றுப் பணி தரணும். அதற்கும் முன்னாடியே, 1990-ல், ராஜஸ்தான் போக்குவரத்துக் கழகம் கண்பார்வை குறைந்த டிரைவர்களை நீக்கியபோது, பல வருஷம் பஸ் ஓட்டியதால் வந்த குறை அது என்று பார்த்து, மாற்று வேலைக்கும் இழப்பீட்டுக்கும் உச்ச நீதிமன்றம் வழி செய்தது.

கடைசியா ஒரு கேள்வி வந்திருக்கு. "டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போகும்போது அடிபட்டால்?"

பம்பாய் பெஸ்ட் நிறுவன வழக்குதான் இதற்குப் பதில். 1957-ல் ஒரு டிரைவர் டெப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு, அதே நிறுவனத்தின் வேறு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்தார். வேலை முடிந்துவிட்டதே என்று நிறுவனம் வாதாடியது. அந்தப் பயணமும் வேலையின் தொடர்ச்சிதான் என்று 1963-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயண விபத்தை நேரடியாகவே சேர்த்திருக்கு. நேரம், இடம், சூழ்நிலை இவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டணும், அவ்வளவுதான். நான் சொன்ன தொகைகள் பழைய சட்டப்படியானவை. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்கு அதே கணக்குதான்.

அப்படியென்றால், டூட்டி எத்தனை மணிக்கு முடிந்தது என்ற டைம் கீப்பர் பதிவு இனி இன்னும் கவனமாக இருக்கணும். இரவு 11.40-க்குக் கையெழுத்துப் போட்டவருக்கு, 11 மணி என்று ரவுண்டாக எழுதிடாதீங்க.