சில்லுக் கலையைப் பொதுவாக்கிய பெண்மணி



கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. மன்னார்த் தீவிலே வலையை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவர், நாளைய காற்று எத்திசையில் வீசும் என்பதை அதன் திரையிலே பார்த்துக்கொள்கிறார். அத்திரையிற் படம் தோன்றுவதற்கும் அசைவதற்கும் காரணமாய் இருப்பவை விரல்நகம் போன்ற சிறு சில்லுகளே. சிலிக்கன் என்னும் மூலகத்தின் மெல்லிய தகட்டிலே, கண்ணுக்குப் புலப்படாத மின் ஆளிகள் கோடிக்கணக்கிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதனையே சில்லு என்கிறோம்.

இச்சில்லுகளை வரையும் கலை ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க பெருநிறுவனங்களின் மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் லின் கொன்வே என்னும் அமெரிக்கப் பெண்மணி. நான் கலைப் பட்டதாரி. பொறியியலின் நுட்பங்கள் யாவற்றையும் விரித்துரைக்க வல்லேன் அல்லேன். ஆயினும் அவர் ஆற்றிய பெரும்பணி ஓர் ஆசிரியரின் பணியே ஆதலின், அதனைக் குறித்துப் பேசத் துணிந்தேன்.

லின் கொன்வே 1938 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயின்று, 1964 இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தார். மிக விரைவான கணினி ஒன்றை உருவாக்கும் முயற்சி அங்கே நடைபெற்றுக்கொண்டிருந்தது. அக்காலத்துக் கணினிகள் பெரும்பாலும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றும். ஒரு கட்டளை தாமதித்தால் அதன் பின்னுள்ளவை யாவும் காத்து நிற்கும். சமையலறையில் உலை கொதிக்கும் வரையில் நம் பெண்கள் கைகட்டி நிற்பதில்லை. அதற்குள் கறிக்கு நறுக்கி முடித்துவிடுகிறார்கள். அதுபோல, ஆயத்தமாக உள்ள கட்டளைகளை வரிசை பாராது ஒரே வேளையிற் பல பலவாக நிறைவேற்றும் வழி ஒன்றை இளம் கொன்வே வகுத்தார். பல ஆண்டுகளின் பின்னர் உலகெங்கும் வழக்கில் வந்த முறை அது.

ஆனால் அதன் பெருமை அவருக்குக் கிட்டவில்லை. பிறப்பில் ஆணாகப் பதிவானவர் அவர். தம் இயல்பு பெண்ணியல்பே என உணர்ந்து, மருத்துவத்தின் துணையுடன் பெண்ணாக வாழ முடிவு செய்தார். அதனை அறிந்த நிறுவனம் 1968 இல் அவரை வேலையினின்றும் நீக்கியது. வேலையிற் குறை கண்டு நீக்கியது அன்று. பெயரும் புதிது, வாழ்வும் புதிது. முன்னர்ச் செய்த ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லவும் வழியில்லை. ஒப்பந்தத்திற்கு நிரல் எழுதும் சாதாரணப் பணியிலிருந்து அவர் மீண்டும் தொடங்கினார்.

முதலிலிருந்து தொடங்குவது என்பது எங்கள் ஊராருக்குத் தெரியாத செய்தி அன்று. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, தாராபுரத்து மக்களும் வீடு வாசல்களை விட்டுப் புத்தளப் பகுதியிற் போய் ஒதுங்கினார்கள். ஓலைக் கொட்டில்களிலே பிள்ளைகள் படித்தார்கள். உடைமைகள் போயின; கற்ற கல்வி போகவில்லை. கொன்வேயின் வரலாறும் அதற்கு ஒரு சான்றாகும்.

1973 இல் அவர் கலிபோர்னியாவில் உள்ள செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கே கார்வர் மீட் என்னும் பேராசிரியரோடு இணைந்து ஒரு வினாவை ஆராய்ந்தார். சில்லு வரைவதற்கு எதற்காக இத்தனை நூறு விதிகள்? தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அவ்விதிகள் எதற்காக மாறுகின்றன? இவற்றைச் சுருக்கி மாணவர் ஒருவர் சில வாரங்களிற் கற்கும்படி செய்ய இயலாதா?

அவர்கள் கண்ட விடை வியக்கத்தக்க எளிமை உடையது. பனையோலைப் பாய் பின்னும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். இத்தனை அங்குலத்திற் பூ என்று அவர் அளப்பதில்லை. இத்தனை ஓலைக்கு ஒரு பூ என்று எண்ணுகிறார். ஓலையைச் சன்னமாகக் கீறினாற் பூவும் சிறிதாகும், எண்ணிக்கை மாறாது. கொன்வேயும் சில்லின் அகலங்களையும் இடைவெளிகளையும் ஒரே அடிப்படை அளவின் மடங்குகளாக வகுத்தார். தொழில்நுட்பம் வளர்ந்து அவ்வளவு குறுகும்போது வரைபடம் முழுவதும் குறுகும், விதிகள் மாறா. இம்முறையை விளக்கி இருவரும் ஒரு பாடநூல் எழுதினர்.

நூல் முழுமை பெறுமுன்பே, 1978 இல் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் இப்பாடத்தைக் கற்பித்தார். மாணவர் வரைந்த சில்லுகள் பலவற்றை ஒரே தகட்டிற் சேர்த்துப் பொறிக்கச் செய்தார். பல மீனவர்கள் தத்தம் மீனை ஒரே லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிக் கூலியைப் பகிர்ந்துகொள்வதில்லையா? அதுபோன்ற ஏற்பாடு இது. சில வாரங்களில் மாணவர் தாம் வரைந்த சில்லைத் தம் உள்ளங்கையிலே ஏந்தினர். அடுத்த ஆண்டு 12 பல்கலைக்கழகங்கள் இவ்வேற்பாட்டிற் சேர்ந்தன. வரைபடங்கள் கணினி வலையமைப்பின் வழியே வந்தன; ஏறத்தாழ ஒரு மாதத்திற் சில்லுகள் திரும்பிச் சென்றன.

அந்த 1979 ஆம் ஆண்டுத் தொகுதியில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஜிம் கிளார்க் அனுப்பிய வரைபடமும் ஒன்று. திரையில் ஓர் உருவம் திரும்பும்போது அதன் மூலை ஒவ்வொன்றும் எங்கே நகர்கிறது எனக் கணக்கிட வேண்டும். அக்கணக்கிற்கென்றே அவர் ஒரு சில்லை வகுத்தார். அதிலிருந்து சிலிக்கன் கிராபிக்ஸ் என்னும் நிறுவனம் பிறந்தது. 1993 இல் வெளியான ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தின் கணினி விலங்குகள் அந்நிறுவனத்தின் கணினிகளில் உருவானவையே. இன்று விளையாட்டுக்கும் திரைப்படத்திற்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் பயன்படும் வரைகலைச் சில்லுகள் அவ்வழியிலே தொடர்ந்து வளர்ந்தவை.

வரைதல் வேறு, வார்த்தல் வேறு எனப் பிரிந்தபின், தொழிற்சாலை இல்லாதவரும் சில்லு வரையலாயினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் ‘சக்தி’ என்னும் செயலியை வகுத்து, 2018 இல் அதனைச் சில்லாகக் கண்டனர். பாக்கு நீரிணையின் அக்கரையிலே நடந்தது, இக்கரையில் நடவாதோ?

கொன்வே 1985 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். 2020 இல், நீக்கப்பட்டு 52 ஆண்டுகள் சென்றபின், ஐ.பி.எம். நிறுவனம் அவரிடம் மன்னிப்புக் கோரியது. 2024 ஜூன் மாதம் தமது 86 ஆவது வயதில் அவர் மறைந்தார்.

பெற்றோர்களே, சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்ற மகள் கணிதப் பிரிவை விரும்பினால், “பெண்பிள்ளைக்கு எதற்கு? தூரம் போக வேண்டுமே” என்று தடுப்பவர்கள் உங்களுள் உண்டு. அத்தூரம் இப்போது குறைந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலேயே அமைந்துள்ளது. கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நானே அதிற் கற்றவன். எந்தப் பிரிவாயினும் பிள்ளையின் திறம் அறிந்து தெரிந்தெடுப்பதே முறை. நம் அச்சத்தை அவள்மேற் சுமத்துவது முறையன்று.

ஆசிரியர்களே, நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கடினமான பாடத்தைக் கடினமானது என்று சொல்லி ஒதுக்கிவைக்காமல், அதன் விதிகளை எளிதாக்கித் தருவது நமது கடமை. கொன்வே செய்தது அதுதான். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. உயர்தரக் கணிதத்திற்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையும், அயற்பாடசாலை ஒன்றோடு இணைந்து வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு நடத்தலாம். இவ்வாண்டே அதனைத் தொடங்குவோமாக.